பெட்டியில் அச்சிடாத விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் இணைப்பில், லேப்டாப்புக்குப் புது ஹார்டு டிஸ்க் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எதைப் படித்தாலும் கையில் சிவப்புப் பேனா இருக்கும். 22 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவளின் கெட்ட பழக்கம். கட்டுரையில் ஒற்றுப்பிழை இரண்டே இரண்டு. அதற்காக இதை எழுதவில்லை. எத்தனை ஜிபி வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்து வாங்கினால் போதும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியின்படி நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை வருவதற்கு ஓராண்டு முன்பே நானாக நடத்திப் பார்த்துவிட்டேன். மூன்று முறை தவறி, நான்காவது முறைதான் சரியான டிஸ்க் என் லேப்டாப்புக்குள் போனது.

என்னுடையது 2013-இல் வாங்கிய லேப்டாப். உள்ளே 500 ஜிபி, 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க். கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மின்விசிறியில் தூசு என்று நினைத்தேன். சேமிக்கும்போது மட்டும் வரும் சத்தம் மின்விசிறியுடையதாக இருக்காது என்பது உறைக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் விண்டோஸே டிஸ்கில் பிழை இருக்கிறது, சரிபார்க்கவா என்று கேட்டது. பிழை என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. சரி என்று அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். விடிந்து பார்த்தால் பாதிக் கோப்புறைகள் திறக்கவில்லை.

அக்கா மகன் வந்து பார்த்தான். "சித்தி, மூச்சு வாங்கிட்டுக் கிடக்கிற ஆளை எழுப்பி ராத்திரி பூரா ஓட விட்டிருக்கீங்க" என்றான். அது உண்மைதான். உடைந்துகொண்டிருக்கும் டிஸ்கில் பிழை சரிபார்க்கச் சொன்னால், அது மூலை முடுக்கெல்லாம் படிக்கும், படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும், இருக்கிற சேதத்தைப் பெரிதாக்கும். முதலில் செய்ய வேண்டியது நகல் எடுப்பது. அவன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டினான். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிற பட்டியல் ஒன்று அதில் தெரியும். ஸ்மார்ட் என்று பெயர். 05 என்ற எண்ணுக்கு நேரே இருப்பது, கெட்டுப்போய் மாற்று இடத்துக்குக் கொண்டுபோன செக்டர்களின், அதாவது டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகளின், கணக்கு. சி5 என்பது, கெட்டதா நல்லதா என்று முடிவாகாமல் ஊசலாடுபவை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டிலும் எண்கள் இருந்தன. சி5-இல் இருந்தது நாளுக்கு நாள் ஏறியது.

பிறகு டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் நகல் எடுத்தான். அது முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய், நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு, கடைசியில்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. நானும் கையெழுத்துப் படியில் புரியாத சொல்லை அப்படித்தான் தாண்டிப் போய் மீண்டும் வருவேன் என்பதால் அந்தக் கருவியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மொத்தத்தில் 41 கோப்புகள் போயின. அதில் ஒன்று, மூன்று வாரம் உட்கார்ந்து செய்த ஒரு நூலின் சொல்லடைவு. அதை மறுபடியும் அகரத்திலிருந்து தொடங்கினேன்.

இனி வாங்கிய கதை. வீட்டில் சும்மா கிடந்த ஒரு போர்ட்டபிள் டிஸ்க் நினைவுக்கு வந்தது. வெளிக்கூட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது லேப்டாப் டிஸ்க்தானே, அதை எடுத்து மாட்டிவிடலாம் என்பது என் கணக்கு. கத்தி முனையால் நெம்பிப் பிரித்தேன். உள்ளே டிஸ்க் இருந்தது, ஆனால் லேப்டாப்போடு இணைக்கும் சாட்டா என்ற செருகு முனை இல்லை. யூஎஸ்பி முனையே அதன் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தது. எல்லா போர்ட்டபிள் டிஸ்குகளும் இப்படி இல்லை; சிலவற்றில் சாதாரண சாட்டா டிஸ்கும் அதன்மேல் ஒரு சின்ன மாற்றிப் பலகையும் இருக்கும். எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கூட்டின் கொக்கிகள் உடைந்தன, உத்தரவாதமும் அதோடு போனது.

அடுத்து, பழைய இருப்பிலிருந்து ஒரு 1 டிபி (ஆயிரம் ஜிபி) டிஸ்க் வாங்கினேன். பெட்டியில் 2.5 அங்குலம், சாட்டா, லேப்டாப்புக்கு உரியது என்று எல்லாம் சரியாகவே இருந்தது. பொருத்தப் போனால் அடிமூடி மூடவில்லை. 2.5 அங்குலம் என்பது ஒரு பெயர்தான், அளவல்ல. உண்மையில் அந்த டிஸ்கின் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர், நீளம் 100 மில்லிமீட்டர். இந்த இரண்டும் மாறாது. மாறுவது உயரம். பழைய லேப்டாப்புகளில் 9.5 மி.மீ. இருந்தது; மெலிந்த மாடல்கள் வர வர 7 மி.மீ. ஆயிற்று, அபூர்வமாக 12.5 மி.மீ., 5 மி.மீ. டிஸ்குகளும் உண்டு. என் லேப்டாப்பின் இடம் 7, நான் வாங்கியது 9.5. இரண்டரை மில்லிமீட்டர் என்பது எங்கள் அச்சுத் தொழிலில் ஒரு பத்தியின் தலையையே வெட்டும் அளவு. தலைகீழாக இருந்திருந்தால் பிரச்சினை இல்லை: 9.5 இடத்தில் 7 டிஸ்கை வைத்து, ஆடாமல் இருக்க 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் ஒன்று கொடுத்துவிடலாம். சில டிஸ்குகளோடு அந்தச் சட்டம் பெட்டியிலேயே வருகிறது. ஆக, வாங்குமுன் பழைய டிஸ்கை வெளியே எடுத்து அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். தங்கள் கட்டுரையில் மில்லிமீட்டர் என்ற சொல்லே இல்லை.

மாற்றிக்கொண்டு வந்தது 7 மி.மீ., 1 டிபி. அழகாக உள்ளே போனது. விண்டோஸ் ஏறியது. மீட்ட கோப்புகளைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். என் கோப்புகள் பெரியவை அல்ல, ஆனால் எண்ணிக்கை அதிகம்: ஒவ்வொரு நூலுக்கும் முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் என்று பல ஆயிரம். முதல் சில நிமிடங்கள் நொடிக்கு 100 எம்பிக்குக் குறையாமல் ஓடியது. பிறகு 40, பிறகு 8, பிறகு நின்று நின்று. மறுநாள் காலையிலும் முடியவில்லை. டிஸ்க் பழுதும் இல்லை. ஸ்மார்ட் பட்டியலில் எல்லாம் பூஜ்யம்.

காரணத்தைத் தேடியபோதுதான் எஸ்எம்ஆர் என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்பட்டேன். கூரையில் ஓடு வேய்கிறோமே, ஒரு ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த ஓடு படிகிற மாதிரி, அப்படி இந்த டிஸ்கில் தகவல் பதியும் வட்டத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி எழுதுகிறார்கள். தட்டிலிருந்து படிக்கும் முனை மெல்லியது, எழுதும் முனை அகலமானது என்பதால் இது சாத்தியமாகிறது. அதே தட்டில் அதிகத் தகவல் கொள்கிறது. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால், மேலே ஏறி நிற்கும் ஓடுகளையும் எடுத்துத் திரும்பப் போட்டாக வேண்டும் அல்லவா? டிஸ்கும் அதைத்தான் செய்கிறது. புதிதாக வருவதை முதலில் ஒரு தனிப் பகுதியில் இறக்கி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வேகமாகத் தெரியும். அந்தப் பகுதி நிரம்பியதும் ஓடு மாற்றும் வேலை தொடங்கும், நாம் காத்திருக்க வேண்டியதுதான். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பழைய முறைக்குச் சிஎம்ஆர் என்று பெயர்.

எனக்குக் கோபம் வந்தது முறையின் மேல் அல்ல. பாட்டையும் படத்தையும் ஒருமுறை கொட்டி வைத்துப் பிறகு படிக்க மட்டும் பயன்படுத்துபவருக்கு எஸ்எம்ஆர் டிஸ்கில் ஒரு குறையும் தெரியாது. பெட்டியின் ஆறு பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் அந்த மூன்றெழுத்து கிடைக்கவில்லை என்பதில்தான் கோபம். 2020-இல் இந்த விஷயம் பல நாடுகளில் சர்ச்சையாகி, அதன் பிறகே எந்த மாடல் எந்த முறை என்ற பட்டியலைத் தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளங்களில் போட்டார்கள். மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டும். இன்று விற்கும் 7 மி.மீ., 1 டிபி லேப்டாப் டிஸ்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான்.

சரி, 7200 ஆர்பிஎம் டிஸ்க் வாங்கியிருந்தால்? கட்டுரையாசிரியர் அதைத்தான் வேகத்துக்கு வழியாகச் சொல்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிநொடி. 7200 என்றால் 4.2 மில்லிநொடி. மிச்சம் 1.4 மில்லிநொடி! அதற்கு மேல் முனை தடம் விட்டுத் தடம் நகரும் நேரம் வேறு இரண்டுக்கும் உண்டு. எல்லாம் சேர்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் சின்னத் துண்டுகளை லேப்டாப் டிஸ்க் நொடிக்கு நூறு முறை தேடி எடுப்பதே கடினம். தட்டுக்குப் பதில் மின்னணுச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுக்கும். லேப்டாப் திறக்கும்போதும், ஒரு மென்பொருள் கிளம்பும்போதும் நடப்பது இந்தச் சின்னத் துண்டுத் தேடல்தான். பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டுப் பயனில்லை, சாட்டா இணைப்பே மெதுவாயிற்றே என்று ஒரு பேச்சு உண்டு. நொடிக்கு 300 எம்பி மட்டுமே போகும் பழைய சாட்டா இணைப்பிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தேடும் நேரம் குறைவதற்கும் குழாயின் அகலத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு தொழில்முறைப் புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை நெடுக 'எஸ்எஸ்டி வன்தட்டு' என்று அச்சாகியிருக்கிறது. ஹார்டு டிஸ்கை வன்தட்டு என்பது பொருத்தம். 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரத்தில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் சுழன்றன, அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். எஸ்எஸ்டியிலோ தட்டே கிடையாது, சில்லுகள் மட்டுமே. தட்டில்லாததை வன்தட்டு என்று எழுதினால் என் மேசையில் அது சிவப்பில் சுழிக்கப்படும். எஸ்எஸ்டி என்றே விட்டுவிடலாம்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. தேயும் என்பது உண்மை. ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் டிபிடபிள்யூ என்று ஓர் எண்ணைத் தயாரிப்பாளர் தருகிறார். இத்தனை டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் என்று பொருள். நான் கடைசியில் வாங்கிய 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு அது 300. நாளெல்லாம் வேலை செய்தாலும் என்னால் 10 ஜிபிக்கு மேல் எழுத முடியாது. ஆண்டுக்கு 3.65 டிபி. முந்நூறைத் தொட 82 ஆண்டு ஆகும். அதற்குள் தேய்வது நானாகத்தான் இருக்கும். ஆனால் இந்த எண்ணும் பெட்டியில் இல்லை, இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத்தான் எடுத்தேன். ஒரே கொள்ளளவில் ஒன்று இவ்வளவு தாங்கும், இன்னொன்று அதில் பாதிகூடத் தாங்காது என்று இருக்கும். காரணம் சில்லுக்குள் தகவலைத் தாங்கும் நுண்ணிய அறைகள்: ஓர் அறைக்கு மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் திணிப்பது கியூஎல்சி. கியூஎல்சியில் பெரிய கோப்பை நீண்ட நேரம் எழுதினால், முதலில் வாங்கி வைக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் வேகம் ஹார்டு டிஸ்குக்குக் கீழேயும் இறங்கலாம். மறுபடியும் எஸ்எம்ஆர் கதை!

கட்டுரை சொல்லாத இன்னொன்று: எஸ்எஸ்டியைப் பேக்கப் என்று அலமாரியில் வைத்து ஆண்டுக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. அறைகளில் இருப்பது மின்னூட்டம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். அந்த வேலைக்கு ஹார்டு டிஸ்கே மேல். திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட என் எஸ்எம்ஆர் டிஸ்க் இப்போது ஒரு யூஎஸ்பி கூட்டுக்குள் அந்த வேலையைத்தான் செய்கிறது, குறையில்லாமல்.

கொள்ளளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், கட்டுரை முழுக்க அதுதானே. என் பழைய டிஸ்கில் 12 ஆண்டு வேலையும் சேர்ந்து நிரம்பியிருந்தது 212 ஜிபி. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி கோப்பில் 3 பைட் பிடிக்கிறது; அப்படியிருந்தும் நான் திருத்திய எழுத்தெல்லாம் சேர்த்து 2 ஜிபி தேறவில்லை. மீதி ஸ்கேன் செய்த பக்கங்கள். ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சாம்பல் நிறத்தில் எடுத்தால், சுருக்காத நிலையில் பக்கத்துக்கு 8.7 எம்பி. எனக்கு 1 டிபி தேவையே இருக்கவில்லை. பெரிய எண் இருக்கிறதே என்றுதான் இரண்டு முறை வாங்கினேன். வாங்கிய பிறகு அது 931 ஜிபி என்று காட்டியதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று குதித்தேன். அது மட்டும் ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

பிழையான டிஸ்கை அப்படியே குளோன் செய்யவும் நான் விடவில்லை. விண்டோஸைப் புதிதாக ஏற்றி, கோப்புகளை மட்டும் திருப்பிப் போட்டேன். கெட்டுப்போன அச்சுப்படியை ஒளிநகல் எடுத்தால் பிழையும் சேர்ந்துதானே வரும்.

இதையெல்லாம் கூட இருந்து பார்த்த அக்கா மகனே அடுத்த மாதம் சறுக்கினான் என்பது வேறு கதை. அவன் லேப்டாப்பில் டிஸ்க் போக, கூடுதலாக எம்.2 என்ற, மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான செருகுமிடம் ஒன்று இருந்தது. 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று அளவெல்லாம் சரியாகப் பார்த்து எம்.2 எஸ்எஸ்டி வாங்கினான். கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் பிடித்தது. ஆனால் லேப்டாப்புக்கு அது கண்ணில் படவேயில்லை. அவன் வாங்கியது என்விஎம்இ என்ற வேறு இணைப்பு முறையில் ஓடும் வகை. அந்தச் செருகுமிடத்துக்குச் சாட்டா எஸ்எஸ்டிக்கான இணைப்பு மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அதற்குள் ஓடுவது சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இயாகவும் இருக்கலாம். முனையில் இரண்டு நறுக்கு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ என்று ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டு நறுக்கோடு வந்த என்விஎம்இயும் இருப்பதால் அதையும் முழுக்க நம்ப முடியாது. லேப்டாப் மாடலின் கையேட்டைப் பார்ப்பதுதான் வழி. சில லேப்டாப்புகளில் சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு மாற்ற வழியே இல்லாமல் இருக்கும், அதுவும் கையேட்டில் தெரிந்துவிடும். இன்னொன்றும் அவனால் தெரிந்தது: பழைய டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் செருகியபோது 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. விண்டோஸ் தானாகவே பிட்லாக்கர் என்ற தன் பூட்டு வசதியால் டிஸ்கைப் பூட்டியிருக்கிறது. கழற்றும் முன் அந்தச் சாவியை எங்காவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். கட்டுரையின் இரண்டாம் பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் கொள்ளளவுப் பட்டியலுக்கு இடம் குறைத்து, உயரம், பதிவு முறை (எஸ்எம்ஆரா சிஎம்ஆரா), டிபிடபிள்யூ, எம்.2 என்றால் சாட்டாவா என்விஎம்இயா என்ற நான்கையும் வாங்குமுன் எங்கே எப்படிப் பார்ப்பது என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்து, முதல் பகுதியில் மூன்றாம் பத்தியில் 'எம்.2 என்பது எஸ்எஸ்டியைவிட வேகமான புதுவகை' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அது பிழை. அதற்குத் திருத்தம் வெளியிட வேண்டும். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு யாராவது இந்நேரம் வாங்கக் கிளம்பியிருப்பார்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகி ஒருவர்

பி.கு.: இரண்டு ஒற்றுப்பிழைகளும் நான்காம் பத்தியில் உள்ளன. இணையப் பதிப்பிலாவது சரிசெய்துவிடலாம்.